சென்னை வீட்டுக்குள்ள, மண்ணே இல்லாம பூக்கும் கிழங்குகள்

[காட்சி: கண்ணாடிக் குடுவையின் வாயில் ஒரு ஹயசிந்த் கிழங்கு. கீழே வெள்ளை வேர்கள்.]

வணக்கம். இந்தக் குடுவையில இருக்குறது ஹயசிந்த்ங்குற பூச்செடியோட கிழங்கு. மண் கிடையாது, உரம் கிடையாது. வெறும் தண்ணீர்தான். ஆனா இதுல பூ வரும், அறை முழுக்க மணக்கும். எப்படி? கிழங்கைப் பிளந்தே பார்த்துடலாம்.

[காட்சி: கத்தியால் நெடுக்காகப் பிளக்கப்படும் இன்னொரு கிழங்கு.]

வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா சதை. நடுவுல பொடிப்பொடியா ஒரு கொத்து தெரியுதா? அதுதான் பூ. நீங்க விலை கொடுத்து வாங்குறதுக்கு முன்னாடியே உள்ள உருவாகிடுச்சு. சுத்தி இருக்குற சதை முழுக்க, போன பருவத்துல இலைகள் வெயில்ல தயாரிச்ச சாப்பாடு. அதை வெச்சே இந்த வருஷம் பூத்துடும். அதனால தண்ணீர்ல உரம் கலக்காதீங்க, பாசிதான் பிடிக்கும். வாங்கும்போது மட்டும் பெருசா, கனமா, அழுத்தினா அமுங்காத கிழங்காப் பார்த்து எடுங்க.

சாப்பாடு இருக்கு, பூவும் இருக்கு. சென்னையில இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்: குளிர். ஹயசிந்தோட சொந்த ஊர் துருக்கி, சிரியா, லெபனான் பக்கம். அங்க குளிர்காலம் முடிஞ்ச பிறகுதான் பூத்தண்டு நீளும். நமக்கு மார்கழி ராத்திரியிலகூட வெப்பம் 20 டிகிரி பக்கம்தான். குளிர் கிடைக்காத கிழங்குல தண்டு நீளாது, இலைக்கு நடுவுலயே பூ சிக்கி, அரைகுறையா விரிஞ்சு போயிடும். நம்ம ஊர்ல ஹயசிந்த் சரியா வராததுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

[காட்சி: காகிதப் பையில் கிழங்குகள், பிரிட்ஜ் தட்டில்.]

அந்தக் குளிர்காலத்தை பிரிட்ஜ் கொடுக்கும். காகிதப் பையில போட்டு, ஈரம் படாம, 10 முதல் 12 வாரம் வைங்க. ஃப்ரீசர்ல வேண்டாம். பக்கத்துல ஆப்பிள், வாழைப்பழம் இருக்கவே கூடாது. பழுக்குற பழத்துல இருந்து எத்திலீன் வாயு வரும், அது உள்ள இருக்குற மொட்டைக் கருக்கிடும். குழந்தைங்க இருக்குற வீட்டுல பை மேல பெரிசா எழுதி ஒட்டிடுங்க, இது விஷம், சாப்பிடக்கூடாதுன்னு. ஹயசிந்தைத் தொட்டா சிலருக்குக் கை அரிக்கும், அதனால கையுறை போட்டுக்கோங்க. அக்டோபர் ஆரம்பத்துல உள்ள வெச்சா, ஊர் கொஞ்சம் குளிர்ந்திருக்குற டிசம்பர் கடைசியில வெளிய எடுக்கலாம்.

[காட்சி: கிழங்கின் அடிப்பாகம், மிக அருகில்.]

இப்போ அடிப்பக்கத்தைப் பாருங்க. வட்டமா, கொஞ்சம் குழிஞ்ச மாதிரி ஒரு தட்டு. அதோட ஓரத்துல வரிசையா சின்னச் சின்ன புடைப்பு. வேர் கிளம்புறது அங்கிருந்துதான். தண்ணீர் இந்தத் தட்டைத் தொடக்கூடாது, அரை சென்டிமீட்டர் கீழ நிக்கணும். ஈரக்காத்து பட்டாலே போதும், வேர் தானா இறங்கித் தண்ணீரைத் தேடிப் போயிடும். அடித்தட்டு தண்ணீர்ல ஊறினா அழுகல்தான், நாத்தத்துலயே தெரிஞ்சிடும்.

வேர் நல்லா இறங்கி, முளை ஒரு 5 சென்டிமீட்டர் வர்ற வரைக்கும் வீட்டுலயே இருட்டான, குளுமையான இடத்துல வைங்க. அப்புறம் வெளிச்சமான ஜன்னல் ஓரம். நேர் வெயில் வேண்டாம். உப்பு போர் தண்ணீர் வேண்டாம். மெட்ரோ வாட்டரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும்.

[காட்சி: குடுவைக்குள் நெளியும் கொசுப்புழுக்கள்.]

இந்த இடத்தைத் தள்ளிவிடாமப் பாருங்க. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது. வீட்டுக்குள்ள தேங்குற நல்ல தண்ணீர்தான் அதுக்குப் பிடிக்கும். நம்ம குடுவையில இருக்குறதும் அதேதான். நம்ம ஊர் வெப்பத்துல முட்டை கொசுவா மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாத்திடுங்க. கொட்டினா மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்கு மேல கண்ணாடிச் சுவர்ல ஒட்டியிருக்கும், காய்ஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது. குச்சியில பஞ்சு சுத்தி அந்தக் கோட்டைத் தேய்ச்சு எடுங்க. கிழங்கை இழுத்துப் பிடுங்க வேண்டாம். ஹயசிந்த் வேர் ஒடிஞ்சா திரும்ப வளராது. கழுத்துல இடைவெளி இருந்தா, கொசுவலைத் துண்டை வளையமா வெட்டி அங்க மாட்டிடுங்க. கூழாங்கல் போட்ட தட்டுல வளர்க்குறதா இருந்தா, கல்லையும் சேர்த்துக் கழுவணும்.

[காட்சி: நீண்டு சாய்ந்த நார்சிசஸ் இலைகள்; பக்கத்தில் குட்டையான, நிமிர்ந்த செடி.]

மூணு மாசம் காத்திருக்க முடியலையா? பேப்பர்வைட் நார்சிசஸ்ங்குற இன்னொரு கிழங்கை வாங்குங்க. இதுக்குக் குளிர் தேவையே இல்லை, கிட்டத்தட்ட ஒரு மாசத்துல வெள்ளையா பூத்துடும். ஆனா சூடான அறையில மடமடன்னு நீண்டு சாய்ஞ்சுடும். அதுக்கு அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல 2006-ல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. முளை 3, 4 சென்டிமீட்டர் வந்ததும் தண்ணீரைக் கொட்டிட்டு, 5 சதவீதம் ஆல்கஹால் கலந்த தண்ணீர் ஊத்துறது. வேர் தண்ணீர் உறிஞ்சுறது கொஞ்சம் குறையும், செடியோட உயரம் மூணுல ஒரு பங்கு குறையும். பூ சிறுக்காது. மருந்துக்கடையில கிடைக்குற 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 1 பங்குன்னா தண்ணீர் 13 பங்கு. 10 சதவீதம் தாண்டினா செடி கெட்டுடும். பீர், ஒயின் வேண்டாம், அதுல இருக்குற சர்க்கரை வேரைக் கெடுக்கும். இந்தக் குடுவை குழந்தைங்க கைக்கு எட்டவே கூடாது.

முதல் தடவை முயற்சி பண்றவங்களுக்கு நான் சொல்றது அமரில்லிஸ். தென் அமெரிக்கச் செடி, பிரிட்ஜ் வேண்டாம், நம்ம சூடு அதுக்கு ஒத்துக்கும். கிழங்கு வெச்சதுல இருந்து ஆறு முதல் எட்டு வாரத்துல, உள்ளங்கை அகலத்துக்குப் பூ.

பூத்து முடிஞ்ச ஹயசிந்துல சத்தெல்லாம் தீர்ந்திருக்கும், சென்னையில அது மறுபடி பூக்காது. உரக்குழியில போட்டுடுங்க. அமரில்லிஸை மட்டும் தூக்கிப் போடாதீங்க. வாடின பூத்தண்டை வெட்டிட்டு, இலையை விட்டு, கிழங்கோட தோள் வெளிய தெரியுற மாதிரி மண்தொட்டியில நட்டு மாடியில வைங்க. இலை எவ்வளவு வெயில் வாங்குதோ, அந்த அளவுக்குக் கிழங்கு தேறி அடுத்த பூவுக்குத் தயாராகும்.