அதே இருவர், இன்னொரு பன்னிரண்டு சுற்று

நேயர்களுக்கு வணக்கம்.

குத்துச்சண்டையில், ஏற்கெனவே மோதிய இரண்டு பேர் பட்டத்துக்காக மறுபடி மோதுகிறார்கள் என்றால் உடனே எல்லாரும் கேட்பது, "போன தடவை ஜெயித்தவர் இந்தத் தடவையும் ஜெயிப்பாரா?" கேட்கலாம், ஆனால் அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. தோற்றவர் எந்தச் சுற்றுகளை விட்டார், எதனால் விட்டார் என்று கேளுங்கள். மறு மோதலின் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

ஆர்தர் பெத்தர்பியேவ், திமித்ரி பிவோல் என்ற இருவரை எடுத்துக்கொள்வோம். லைட் ஹெவிவெயிட், அதாவது 175 பவுண்டு வரம்புள்ள பிரிவு. 2024 அக்டோபர் 12, ரியாத். நான்கு உலக பெல்ட்டும், அதாவது அந்தப் பிரிவின் நான்கு உலகப் பட்டங்களும், அந்த ஒரே சண்டையில். பெத்தர்பியேவ் அதுவரை ஆடிய 20 சண்டையையும் நாக்கவுட்டில் முடித்தவர். அவரோடு கடைசி மணி வரை நின்ற முதல் ஆள் பிவோல். ஒரு ஜட்ஜ் 114–114 என்று சமன் போட்டார். மற்ற இருவர் 115–113, 116–112 என்று பெத்தர்பியேவுக்குக் கொடுத்தார்கள்.

நான்கு மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 22, அதே ரியாத்தில் மறு மோதல். முடிவு என்ன தெரியுமா? 114–114, 115–113, 116–112. அட்சரம் பிசகாமல் அதே எண்கள், இந்தத் தடவை பிவோலுக்கு! இரண்டு சண்டையின் ஆறு மதிப்பெண் தாளையும் கூட்டிப் பாருங்கள்: ஆளுக்கு 684. ஜட்ஜுகளின் கணக்கில் ஆளுக்கு 36 சுற்று. தராசில் நிறுத்தாலும் இப்படி அமையாது.

இந்த எண்களைக் கேட்கும்போது பலரும் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. சுற்றை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு பெரும்பாலும் 9. பன்னிரண்டு சுற்றில் ஆளுக்கு ஆறு என்றால் 114–114. ஏழுக்கு ஐந்து என்றால் 115–113. எட்டுக்கு நான்கு என்றால் 116–112. அந்த 116–112 காதில் விழும்போது ஏதோ வெளுத்து வாங்கிய மாதிரி இருக்கும். கணக்குப்படி, இரண்டே இரண்டு சுற்று கை மாறியிருந்தால் அது சமன். திரும்பவும் சொல்கிறேன், இரண்டு சுற்று. மொத்தம் ஆறு நிமிடம்.

அதனால்தான் சண்டை பார்க்கும்போது பேப்பரும் பேனாவும் கையில் இருக்கட்டும் என்று எப்போதும் வற்புறுத்துவேன். சுற்று முடிந்து மணி அடித்ததும், ஓய்வுக்குத் தரும் ஒரு நிமிடத்துக்குள், எண்ணை எழுதிவிடுங்கள். எழுதியதைத் திருத்தக் கூடாது. போன சுற்றில் தோற்றவர் மேல் பரிதாபப்பட்டு இந்தச் சுற்றை அவருக்குப் போட்டுவிடுவது, புதிதாக எண் போடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. முடிந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தையும் அணைத்துவிடுங்கள். கையுறையில் பட்ட குத்துக்குத்தான் ஓசை அதிகம், கூட்டமும் அதற்குத்தான் கத்தும். வானொலியில் உட்கார்ந்துகொண்டு சத்தத்தை அணையுங்கள் என்கிறானே என்று நினைக்காதீர்கள், விஷயம் அப்படி! ஜட்ஜுகள் மூவரும் மேடையின் மூன்று வேறு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு முகம் தெரிகிற நேரத்தில் இன்னொருவருக்கு முதுகுதான் தெரியும். ஒரே சண்டைக்கு மூன்று விதமாக எண் வருவதில் இதற்கும் பங்கு உண்டு.

சரி, பிவோலுக்கு வருவோம். முதல் சண்டையில் அவர் சுற்றுகளை விட்டது அடி வாங்கி விழுந்ததால் இல்லை. இரண்டு சண்டையிலும் யாருமே விழவில்லை. இரண்டு கையையும் முகத்துக்கு முன் மூடிக்கொண்டு, கயிற்றோரம் நின்று, வந்த குத்துகளைக் கையில் வாங்கினார். பெரும்பாலானவை கையுறையிலும் முழங்கையிலும்தான் பட்டன. ஆனால் மூடிய கைக்கு மதிப்பெண் கிடையாது. ஒருவர் அடித்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் வாங்கிக்கொண்டே இருந்தால், நெருக்கமான சுற்று அடிக்கிறவர் பக்கம்தான் சாயும்.

படம் போட்டுக் காட்ட வழியில்லை, அதனால் நீங்களே செய்து பாருங்கள். எழுந்து நில்லுங்கள். இடது காலை ஓர் அடி முன்னால் வையுங்கள். இரண்டு கை முட்டியும் கன்னத்தில், முழங்கை விலாவில். இப்போது எதிரில் யாரோ அடிப்பதாக நினைத்து உடம்பைக் குறுக்குங்கள். உடம்பின் பாரம் பின்னங்காலுக்குப் போய்விட்டதா? அங்கிருந்து குத்த வேண்டுமென்றால் முதலில் பாரம் முன்னால் வர வேண்டும், பிறகு கை திறக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் குத்து. அதற்குள் எதிராளி அடுத்த வரிசையைத் தொடங்கிவிடுவார். மூடிய கை பூட்டிய கதவு மாதிரி. திருடன் உள்ளே வர முடியாது, நீங்களும் வெளியே போக முடியாது.

இதற்கு மருந்து மூன்று. முதலாவது, எதிராளியின் கடைசிக் குத்து முடிந்த கணத்தில் பதில் கொடுப்பது. பலமாக வேண்டாம், இரண்டு நேர்க்குத்து போதும். கையை அகல வீசினால் அதே இடைவெளியில் எதிராளியின் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து, உள்ளே வரும். இரண்டாவது, முதுகு கயிற்றில் படுவதற்கு முன்பே முன்னங்காலை அச்சாக வைத்துத் திரும்பிவிடுவது. கயிறு பட்ட பிறகு திரும்பினால் அரைக் கணம் தாமதம், அதுவும் எதிராளியின் பலமான கைப்பக்கம் திரும்பினால் அடியைத் தேடிப் போய் வாங்கியதாகிவிடும். மூன்றாவது, கட்டிப்பிடிப்பது. கையை எதிராளியின் அக்குளுக்கு அடியில் விட்டு, தலையை அவர் தோளில் சாய்த்தால் ரெஃப்ரி வந்து பிரிப்பார், மூச்சு கிடைக்கும். அளவுக்கு மீறினால் எச்சரிக்கை, பிறகு ஒரு மதிப்பெண் வெட்டு. 10–9 என்று ஜெயித்த சுற்று 9–9 ஆகும்.

பிப்ரவரியில் பிவோல் இந்த மூன்றையும் கலந்து பயன்படுத்தினார். முன்பாதியில் பெத்தர்பியேவ் நன்றாகவே நெருக்கினார். பின்பாதியில் பிவோலின் கை ஓயவில்லை, போன தடவை விட்ட கடைசிச் சுற்றுகள் இந்தத் தடவை அவர் பக்கம் வந்தன. நான்கு மாதத்தில் அவர் வேறு ஆளாக மாறிவிடவில்லை. ஒரு பழக்கம் மாறியது, அவ்வளவுதான். மறு மோதலுக்கு ஆளையே புதிதாகச் செய்கிறேன் என்று கிளம்பும் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் பழைய பலத்தையும் கெடுத்துவிடுவார்கள்.

ஹெவிவெயிட் பிரிவில் இரண்டு முறை மோதிய உசிக், ஃப்யூரி கதையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், கடிகாரம் விடாது போலிருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 மே 18 அன்று 115–112, 114–113 என்று இருவர் உசிக்குக்குக் கொடுத்தார்கள், ஒருவர் 114–113 என்று ஃப்யூரிக்கு. ஒன்பதாவது சுற்றில் கயிறுதான் ஃப்யூரியைத் தாங்கியது. கயிறு தாங்கினாலும் விதிப்படி விழுந்ததாகக் கணக்கு, அதனால் 10–8. அந்த 8 ஒரு 9 ஆக இருந்திருந்தால்? ஒரு தாள் உசிக்குக்கு, ஒரு தாள் ஃப்யூரிக்கு, ஒன்று சமன். உலகப் பட்டமே டிரா. டிசம்பர் 21 மறு மோதலில் மூவருமே 116–112 என்று உசிக்குக்கு எழுதினார்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. மறு மோதலுக்கு ஃப்யூரி உடையோடு ஏறி 281 பவுண்டு காட்டினார், முதல் தடவை 262. அந்த எண்ணை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். ஏழாவது சுற்று முடிந்து மூலையில் உட்காரும்போது யார் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார் என்று பாருங்கள், உங்கள் தாளில் அடுத்த எண்ணை எழுத அது உதவும். நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். வணக்கம்.