ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது என்று மின்னஞ்சல் வந்ததும், பெரும்பாலோர் முதலில் கட்டுரையை மெருகேற்ற உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு நாள் இருக்கிறது. விசாவுக்குத்தான் நாள் போதாமல் போகும். நல்ல ஆய்வு செய்துவிட்டு, விசா வராமல் வீட்டிலேயே இருந்துவிட நேர்வது பெரிய வேதனை. ஆகவே இன்றைய நேரத்தில் பெரும்பகுதியை விசாவுக்கே தருகிறேன்.

ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாட்களுக்கு முன்பு. அந்தக் கெடுவை நம்பி யாரும் இருக்க வேண்டாம். வழக்கமாக முடிவு தெரிய 15 நாட்கள் ஆகும். கூடுதலாக விசாரிக்க வேண்டியிருந்தால் 45 நாட்கள் வரை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. விண்ணப்பத்தை நேரில் கொடுக்க முன்பதிவு கிடைப்பதற்கே பல வாரங்கள் ஆவதும் உண்டு. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், அந்நாடுகளை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். அமெரிக்கா என்றால் மாநாட்டுக்கு உரியது பி-1 விசா. அதற்கான நேர்காணல் தேதிக்குச் சில ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, விசாவுக்குத் தேவைப்படும் அழைப்புக் கடிதம். பதிவுக் கட்டணம் கட்டிய பிறகே இதைத் தரும் அமைப்பாளர்கள் பலர். எனவே பணம் கட்டுமுன், விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், கட்டுரைத் தலைப்பு, மாநாட்டுத் தேதிகள், செலவை ஏற்பவர் யார் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் திருத்திக் கேளுங்கள். பெரியவர்களைத் தொந்தரவு செய்கிறோமோ என்று இளம் ஆய்வாளர்கள் தயங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இது சலுகை கேட்பதாகாது. அழைத்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஆய்வு மாணவர்களுக்குக் கட்டணக் குறைப்போ பயண உதவித்தொகையோ உண்டா என்பதையும் அதே மடலில் கேட்டுவிடலாம். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்யக்கூடிய தங்கும் அறையாகவே பதிவு செய்யுங்கள்.

உங்கள் துறைக்கே தொடர்பில்லாத மாநாட்டிலிருந்து புகழ்மாலையோடு அழைப்பு வந்து, அனுப்பிய இரண்டே நாளில் கட்டுரையும் ஏற்கப்பட்டால், பணம் அனுப்புமுன் நெறியாளரிடம் காட்டுங்கள். கட்டணத்துக்காகவே நடத்தப்படும் போலி மாநாடுகள் நிறைய இருக்கின்றன.

மூட்டை கட்டும்போது அழைப்புக் கடிதம், தங்குமிடப் பதிவு, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றின் அச்சுப்படிகள் கைப்பையில் இருக்கட்டும். குடியேற்ற அதிகாரி கேட்கும்போது பெட்டி இன்னும் கைக்கு வந்திருக்காது. பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணி (Wh) வரை பொதுவாகத் தடையில்லை. மடிக்கணினி சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் எந்த நாட்டு மின்சாரத்துக்கும் அது தாங்கும். பிளக்கின் வடிவத்துக்கு மட்டும் அடாப்டர் போதும். ஆய்வைச் சுவரொட்டியாக மாட்டிவைத்து விளக்கும் சுவரொட்டி அமர்வு என்றால், பலகை நெடுக்குவாட்டமா கிடைவாட்டமா என்று கேட்டுவிட்டு அச்சிடுங்கள். ஏ0 அளவு 84.1க்கு 118.9 செ.மீ.; துணியில் அச்சிட்டால் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம், நீண்ட குழாயைச் சுமக்க வேண்டாம்.

உங்கள் பல்கலைக்கழகம், கல்வி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் (eduroam) வைஃபையில் உறுப்பு என்றால், புறப்படுமுன் சொந்த வளாகத்திலேயே கைப்பேசியில் அமைத்துச் சோதித்துவிடுங்கள். உலகெங்கும் அதில் சேர்ந்த வளாகங்களில் அதே கணக்கு வேலை செய்யும். கடையில் அட்டை இயந்திரம் உங்கள் நாட்டுப் பணமா, உள்ளூர்ப் பணமா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே அமையும்.

முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். நேர வித்தியாசத்தில் உடல் தடுமாறும். உங்கள் அமர்வுக்கு முந்தைய இடைவேளையில் அரங்குக்குப் போய், உங்கள் உரைக்கான கணினிக் கோப்பை அங்குள்ள கணினியில் திறந்து பாருங்கள்; பிடிஎஃப் வடிவிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

போர்டிங் பாஸ், ரசீதுகள் எதையும் எறிந்துவிடாதீர்கள். செலவுத் தொகையைத் திரும்பப் பெற அலுவலகம் கேட்கும். பங்கேற்புச் சான்றிதழைக் கடைசி நாள் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் பதிவு மேசையை எடுத்துவிடும் மாநாடுகள் உண்டு.

நன்றி, வணக்கம்.