கொத்தனார் டியூப்பால் மட்டம் பார்த்த சிஎன்சி மெஷின்! வீட்டு ஷெட்டில் இரும்பு ரவுட்டர்

[திரையில்: தேக்குப் பலகையின் மேல் கட்டர் ஓடுகிறது. தூள் பறக்கிறது. சத்தம் மெல்ல அடங்குகிறது.]

கம்ப்யூட்டர் கொடுக்கிற எண்களின்படி தானே மரம் வெட்டுகிற சிஎன்சி ரவுட்டர் இது. எட்டு மாதம் இந்த மெஷினோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் இதை வழிக்குக் கொண்டுவந்தது இதுதான்.

[திரையில்: கையில் ஒரு பிளாஸ்டிக் டியூப், உள்ளே தண்ணீர்.]

பக்கத்து வீட்டுக் கட்டட வேலைக்கு வந்த கொத்தனார் மட்டம் பார்க்கிற பத்து அடி டியூப். அவர் இதைக் கொண்டுவந்து என் மானத்தை வாங்கிய கதை வருகிறது, இருங்கள். அதற்குள் ஒரு லைக் போட்டுவிடுங்கள். பிறகு மறந்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

முதலில் வரலாறு, முப்பது நொடியில். அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். அந்த வளைவுகளைக் கையால் கொண்டுவருவது பெரும்பாடு. எண்களைக் கொடுத்தால் மெஷினே கடைந்து தரட்டுமே என்று அவர் யோசித்ததை, எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகம் 1952-ல் ஒரு மில்லிங் மெஷினில் ஓட்டிக் காட்டியது. கட்டளைகள் ஓட்டை போட்ட காகித நாடாவில் போயின. 2009-ல் நார்வேக்காரர் ஒருவர் இப்படி மெஷினை ஓட்டுகிற கிரபிள் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அது ஓடும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையின் சிப்பில் நினைவகம் மொத்தமே 32 கிலோபைட். நம் சித்தப்பா காலையில் அனுப்புகிற குட் மார்னிங் படம்கூட அதில் அடங்காது. மூன்று மோட்டாரை அது ஓட்டுகிறது! வரலாறு முடிந்தது.

சரி, இரும்பு ஏன்?

என் முதல் மெஷின் பிளைவுட். ஐப்பசி மழைக்கு ஊறி, வட்டம் வெட்டச் சொன்னால் முட்டை வெட்டியது. அடுத்தது அலுமினிய புரொஃபைல். பார்க்க அழகு, கட்டரை விரலால் தள்ளினால் நகர்ந்தது. ஒரே அளவில் இரும்பும் அலுமினியமும் எடுத்துக்கொண்டால் வளைந்துகொடுக்காத தன்மை இரும்புக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. அதுவும் சாதாரண எம்எஸ், அதாவது மைல்டு ஸ்டீல் இரும்புக்கே. விலை உயர்ந்த அலாய் ஸ்டீல் வாங்கினாலும் இந்த எண் பெரிதாக மாறாது. அது சீக்கிரம் உடையாது, நிரந்தரமாக நெளியாது, அவ்வளவுதான். வளைகிற விஷயத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. கடைக்காரர் வேறு ஏதாவது சொன்னால் சிரித்துவிட்டு எம்எஸ் கேளுங்கள்.

நான் எடுத்தது நூறுக்கு நூறு மில்லிமீட்டர், ஐந்து மில்லி கனம் உள்ள ஸ்கொயர் டியூப். மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. கால், மேடை, கட்டரைச் சுமந்து மேலே நகர்கிற குறுக்குப் பாலமான கேன்ட்ரி எல்லாம் சேர்த்து 130 கிலோவைத் தாண்டிவிட்டது. ஷெட்டுக்குள் இறக்கத் தெருவையே கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

ஏன் டியூப், ஏன் ஒரு பக்கம் திறந்த சி சேனல் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வித்தை.

[திரையில்: ஒரு அடி பிவிசி பைப்பை இரண்டு கையால் முறுக்குகிறார். நகரவில்லை.]

முறுக்குங்கள். வராது. இப்போது ஆக்சா பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுக்கிறேன். பொருள் ஏதும் குறையவில்லை, கொஞ்சம் தூள்தான் கொட்டியது.

[திரையில்: அதே பைப் ஈரத்துணி போல முறுகுகிறது.]

பாருங்கள்! நாம் வாங்கிய இரும்பு டியூப்பில் இப்படி ஒரு கோடு கிழித்தால், முறுகாமல் நிற்கும் விறைப்பு 250 மடங்குக்கு மேல் குறைந்துபோகும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நானே ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வந்தேன். கட்டர் கேன்ட்ரிக்குக் கீழே தொங்குகிறது, மரம் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அதனால் கேன்ட்ரிக்கு வருவது பெரும்பாலும் முறுக்குதான். மூடிய டியூப் வேண்டும் என்பது அதற்குத்தான். மோட்டார் வயரை உள்ளே விட வேண்டும் என்று ஜன்னல் ஜன்னலாக வெட்டிவிடாதீர்கள்.

இப்போது என் தப்பு.

வெல்டிங். ஒரு மூலையை எடுத்தேன், நான்கு பக்கமும் முழுதாக வெல்ட் வைத்தேன், அடுத்த மூலைக்குப் போனேன். சுத்தமான வேலை என்று நினைப்பு. ஆனால் உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்தில் இருப்பதைப் பிடித்து இழுக்கும். மொட்டை மாடியில் அப்பளம் காய வைத்திருக்கிறீர்களா? திருப்பிப் போட மறந்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும் அல்லவா, அதேதான். அப்பளத்தையாவது பொரித்துத் தின்னலாம்.

எனக்கு அது தெரியவே இல்லை. ரசமட்டம் வைத்தேன், குமிழி நடுவில் நின்றது. பிறகு ஏன் கேன்ட்ரி ஓடுகிற ரெயிலை மாட்டியதும் அதன்மேல் சறுக்குகிற பிளாக் நடுவழியில் இறுகுகிறது? மூன்று நாள் எண்ணெய் விட்டேன். ரெயிலைத் திட்டினேன், விற்றவரைத் திட்டினேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கொத்தனார் தண்ணீர் குடிக்க வந்தார். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கண்ணை மூடி ஃபிரேமைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு மூலை தூக்குதுங்களே."

"இல்லீங்கண்ணா, ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டேன்."

"ரசமட்டம் அது உக்காந்திருக்கிற ஒரு அடிக்குத்தானுங்க பேசும். நாலு மூலையும் ஒண்ணான்னு தண்ணி டியூப்தானுங்க சொல்லும்."

போய் எடுத்துவந்தார். தண்ணீரில் குமிழி ஏதும் மாட்டியிருக்கிறதா என்று சுண்டிச் சுண்டிப் பார்த்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து முதல் மூலையில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையோடு மற்ற மூன்றையும் சுற்றி வந்தார். நான்காவது மூலையில் நின்று பென்சிலால் ஒரு கோடு போட்டார். "ஒரு நூலுங்க." ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிக்கும் கொஞ்சம் மேல். நான் 20 மைக்ரான், 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மெஷினில் மூன்று மில்லி!

கிரைண்டரால் அந்த மூலையை அறுத்தேன். இந்த முறை எல்லா மூலையிலும் முதலில் டேக் மட்டும், அதாவது பிடித்து நிற்க ஒரு பொட்டு வெல்ட். மூலைக்கு மூலை குறுக்கு அளவு இரண்டும் சமமா என்று பார்த்துவிட்டு, அரை விரல் நீளத்துக்கு இங்கே கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம், ஆற விட்டு மறுபடி. ஒரு நாள் முழுக்கப் போனது. இன்னொன்று: துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை வெல்ட் செய்யாதீர்கள், துத்தநாகப் புகைக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிடுவீர்கள்.

இதிலும் கடைசி அரை மில்லி, கால் மில்லி தப்பு மிஞ்சத்தான் செய்யும். ரெயிலுக்கு அது போதாது. கோவைக்காரர்களுக்கு இங்கே ஒரு நேர்வழி உண்டு. ஃபிரேமைக் குட்டி யானையில் ஏற்றி, பெரிய பிளேனர் வைத்திருக்கிற பட்டறையில் கொடுத்தால் மேல்பக்கத்தைச் சீவிக் கொடுப்பார்கள். கையில் பணம் இருந்தால் அதைச் செய்யுங்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அதற்குமுன் ஃபிரேமைச் சுமார் 600 டிகிரியில் சூடாக்கி மெல்ல ஆற வைத்து வெல்டிங் இறுக்கத்தைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் சீவிய பிறகும் நெளியும்.

என்னிடம் பணம் இல்லை. ஆனால் டியூப் மட்டம் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் தானே மட்டம் ஆகிறது. அது அப்படியே கல்லாக இறுகிவிட்டால்?

அதற்கு ஒரு பொருள் இருக்கிறது: எபாக்சி, இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகிவிடுகிற பிசின். தேன் மாதிரி கெட்டியானது கூடாது. எண்ணெய் மாதிரி ஓடுகிற, மெதுவாக இறுகுகிற ரகம்.

[திரையில்: ஃபிரேமின் இரண்டு பக்கமும் ஃபோம் டேப்பால் கரை கட்டிய வாய்க்கால்.]

ரெயில் உட்காரும் இரண்டு பக்கத்திலும் கரை கட்டினேன். முக்கியமானது இதோ, குறுக்கே ஓடும் இந்த வாய்க்கால். இதுதான் கொத்தனாரின் டியூப். இது இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே குளம். இல்லாவிட்டால் தனித்தனியாக மட்டமான இரண்டு குளங்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஆறு மில்லி ஆழத்துக்கு ஊற்றினேன். ஹீட் கன்னை மேலே லேசாகக் காட்டினால் குமிழிகள் பட்பட்டென்று வெடித்து மறையும். அதை மட்டும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். தனி வீடியோவே போடலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. திரவம் மட்டம் ஆகும் என்கிறோமே, பூமி உருண்டை அல்லவா? அப்படியானால் திரவத்தின் மேல்பரப்பும் அந்த உருண்டையோடு சேர்ந்து வளைந்துதானே நிற்க வேண்டும்? வளைந்துதான் நிற்கிறது! ஒரு மீட்டர் நீளத்துக்கு நடுவில் எவ்வளவு மேடு என்று கணக்குப் போட்டேன். 0.02 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பூமி தட்டை என்று நம்புகிறவர்களும் தைரியமாக இந்த மெஷின் செய்யலாம், வித்தியாசம் தெரியாது.

உண்மையான தொல்லை ஓரத்தில் இருக்கிறது. டம்ளரில் தண்ணீர் விளிம்போரம் கொஞ்சம் மேலே ஏறி நிற்குமே, அப்படி எபாக்சியும் கரை ஓரம் ஏறிக்கொள்ளும். அதனால் ரெயிலைவிட அகலமாக ஊற்றி, இறுகியதும் ஓரத்தைச் சீவிவிட வேண்டும். அடியில் பள்ளமும் மேடுமாக இருந்தாலும் ஆகாது. ஆழம் உள்ள இடம் அதிகம் சுருங்கும், மேலே பள்ளம் தெரியும்.

அப்புறம், பல்லி.

இரவு பதினொரு மணிக்கு ஊற்றி முடித்து, விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் இடது பக்கக் குளத்தின் நடுவில் பல்லி விழுந்து, எழுந்து, நடந்துபோன தடம். பஞ்சாங்கத்தில் தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது என்று பலன் போட்டிருக்கிறது. எபாக்சியில் விழுந்தால் என்ன பலன் என்று இல்லை. நான் சொல்கிறேன்: மூன்று நாள் தேய்ப்பு, பண விரயம். இரண்டாம் முறை ஊற்றியபோது அட்டைப்பெட்டியால் மூடி வைத்தேன். ஒரு வாரம் ஷெட் பக்கமே போகவில்லை.

பிறகு ரெயிலை வைத்து, மேடு பள்ளத்தை முள்ளால் காட்டுகிற டயல் கேஜை ஓட்டினேன். பழைய மூன்று மில்லி போய், முழு நீளத்துக்கும் முள் மூன்று கோடுதான் அசைந்தது. ஒரு கோடு 0.01 மில்லி. பிளாக் விரல் பட்டதும் ஓடியது.

மின்சாரப் பகுதியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் கடையில் கிடைக்கும். நேமா 23 அளவு ஸ்டெப்பர், அதாவது படிப்படியாகச் சுற்றுகிற மோட்டார், ஒரு சுற்றுக்கு 200 படி, அதை ஓட்டுகிற டிரைவரில் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1,600. மோட்டார் சுற்றுகிற திருகுத் தண்டான பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லி நகர்த்தும், ஆக ஒரு மில்லிக்கு 320 துடிப்பு. கட்டரைச் சுற்றுகிற மோட்டாரான ஸ்பிண்டில் 2.2 கிலோவாட், 400 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 24,000 சுற்று, பக்கெட் தண்ணீரில் குளிர்கிறது. மெஷின் முழுக்க இரும்பு, அதனால் எர்த் கொடுக்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

ஒன்று மட்டும் விட மனசில்லை. வெல்ட் செய்த டியூப்பை ஸ்பேனரால் தட்டுங்கள்.

[ஒலி: டங்ங்ங்...]

கோவில் மணி. வெட்டும்போது இது இப்படிப் பாடினால் பலகையில் வரி வரியாக விழும். உள்ளே காய்ந்த மணலை நிரப்பி வாயை அடைத்தேன்.

[ஒலி: டொக்.]

வலு ஒன்றும் கூடவில்லை, பாட்டு மட்டும் நின்றது.

முதல் வேலையாக எதை வெட்டுவது? வேறு யாருக்கு, கொத்தனாருக்குத்தான். பூச்சு வேலைக்கு அவர் பயன்படுத்துகிற மணியாசுக் கட்டை ஒன்றைத் தேக்கில் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொசைக் தரையில் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு மூலையாக விரலால் தட்டினார். மூன்றில் சத்தம் இல்லை. நான்காவதில் 'டக்'.

"தம்பி, இந்த மூலை தூக்குதுங்களே."

[திரையில்: மூலைக்கு அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறது.]

0.3 மில்லி. வெட்டிய பிறகு மரம் நெளிந்ததா, என் மெஷினா, இல்லை அவர் போட்ட மொசைக்கா? மூன்றாவது சந்தேகத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் கணிப்பைக் கமெண்டில் எழுதுங்கள். தச்சு வேலை தெரிந்தவர்கள் அவசியம் எழுதுங்கள்.