பத்திரம் இல்லாத ஊரில் பயிற்சி எங்கே உட்காரும்?

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: பெண் விவசாயம் தழைக்க முதலில் வேண்டியது பயிற்சியா, நிலப் பத்திரமா? 'பத்திரமே' அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், ரெண்டு பக்கத்துப் பேச்சாளர்களுக்கும், விடிஞ்சா மாட்டுப் பொங்கல் வேலை கிடக்க இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற எங்க ஊர்ச் சனங்களுக்கும் வணக்கமுங்க.

எதிரணி அக்கா ட்ரோன் திட்டத்தைப் பத்தி அழகாப் பேசினாங்க. நானும் கை தட்டினேன். 2023-ல மத்திய அரசு அறிவிச்சது. 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன், விலையில 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம், ஓட்டறதுக்குப் பயிற்சி. எல்லாம் சரிங்கக்கா. அந்த ட்ரோன் யார் வயலுக்கு மேல பறக்குது? அடுத்தவர் வயலுக்கு மருந்து தெளிச்சுக் கூலி வாங்கிட்டு வர்றோம். ஆகாசத்துல பறக்கக் கத்துக்கொடுத்தாச்சு. கீழே கால் ஊன ஒரு சென்ட் நம்ம பேர்ல இல்லைங்களே!

பெண்ணுக்கு விவரம் பத்தாது, அதனால பயிற்சின்னு சொல்றாங்க. பக்கத்துல பெருமாட்டிப் பஞ்சாயத்துக்குப் போய்ப் பாருங்க. 2002-ல பிளாச்சிமடையில கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு குளிர்பான ஆலை வாசல்ல உட்கார்ந்தாங்களே மயிலம்மா, அவங்க எந்த வகுப்புல படிச்சாங்க? 2004-ல ஆலை நின்னுபோச்சு. தண்ணியையும் மண்ணையும் பத்தி எங்க பொம்பளைங்களுக்குப் பாடம் எடுக்க வர்றவங்க, முதல்ல அவங்ககிட்ட ரெண்டு நாள் கேட்டுக்கிட்டுப் போகணும்.

இப்ப ஒரு கணக்குச் சொல்றேன், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நாட்டுல ஆண்கள்ல சொந்தமா வெள்ளாமை செய்யறவங்க 8.27 கோடி, கூலிக்குப் போறவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு. பெண்கள்ல? வெள்ளாமைக்காரின்னு எழுதப்பட்டவங்க 3.6 கோடி, விவசாயக் கூலி 6 கோடிக்கு மேல. அதே வயல், அதே வெயில்! பேரு எழுதற இடத்துல மட்டும் அவர் விவசாயி, இவ கூலி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பைப் பார்த்தா, நாட்டுல இருக்கற பண்ணைகள்ல பெண் பேர்ல இருக்கறது நூத்துக்கு 14 கூட முழுசா இல்லை.

பேரு இல்லாட்டி என்ன ஆகும்? எங்க அத்தை கதையே இருக்கு. மாமனார் பேர்ல இருந்த காடு. மாமனார் போய்ச் சேர்ந்தார், மாமாவும் போயிட்டார். உழவு, நடவு, களை, அறுப்பு எல்லாம் அத்தைதான். கிருஷி பவன்ல, அதாவது வேளாண்மை ஆபீஸ்ல, மானியத்துக்குப் போனா நிகுதிச் சீட்டு, நிலவரி ரசீது, கேக்கறாங்க. சீட்டுல இருக்கறது செத்துப்போன மாமனார். ஆபீசர் மேல தப்பில்லைங்க, அவர் காகிதத்தைத்தான் பார்க்க முடியும். ஆனா அத்தை அங்கே விவசாயி இல்லை, விவசாயியோட மருமகள். நெல்லு கொள்முதல் பண்ற அரசு நிறுவனம் சப்ளைகோவுக்கு நெல்லு போட்டாலும் பதிவு யார் பேர்லயோ அவர் பேர்லதான் பி.ஆர்.எஸ்.ங்கற நெல் ரசீது, அவர் கணக்குக்குத்தான் பணம். மத்திய அரசு விவசாயிக்குக் கொடுக்கற பி.எம். கிசான் வருசம் 6,000 ரூபாயும் நிலத்துப் பேரைத்தான் தேடி வருது.

தண்ணிக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டோட போட்ட ஆளியாறு ஒப்பந்தப்படி எல்லையில மணக்கடவுல நமக்கு வருசம் வர வேண்டியது 7.25 டி.எம்.சி. தண்ணி. அது மூலத்தரை அணைக்கட்டுக்கு வந்து, வாய்க்கால்ல இறங்கி, யார் மடைக்கு எப்போன்னு முறை பேசற கூட்டத்துல எத்தனை சேலை தெரியுது? ராத்திரி லைட்டு அடிச்சு மடை திருப்பறது மட்டும் நாங்க.

குடும்பஸ்ரீ பேச்சு எடுத்தார் எதிரணி அண்ணன். 1998-ல கேரள அரசு தொடங்கின பெண்கள் குழு இயக்கம், எனக்கும் அதுல பெருமை உண்டு. பெண்கள் குழுவாச் சேர்ந்து தரிசைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து சங்கக் கிருஷின்னு கூட்டு விவசாயம் பண்றாங்க. பயிற்சி கிடைச்சது, கடன் கிடைச்சது. அப்புறம் என்ன நடக்குது? கேரளத்துல 1970 ஜனவரியோட குத்தகை முறையே சட்டப்படி முடிஞ்சுபோச்சு. உழுதவனுக்கு நிலம் கொடுத்த மகத்தான சட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கு இந்தக் குழுப் பொம்பளைங்க எடுக்கற பாட்டம், எழுதிக்க வழியில்லாம, வாய்ப்பேச்சாத்தான் நிக்குது. கல்லும் முள்ளும் பொறுக்கி, சாணி போட்டு, வெண்டையும் பாவக்காயும் காய்ச்சு வேலந்தாவளம் சந்தைக்குப் போற பதத்துல நிலக்காரர் வந்து, 'மண்ணு நல்லா ஆயிருச்சு, அடுத்த வருசம் நானே பண்ணிக்கறேன்'னு சொன்னா, எந்தக் காகிதத்தைக் காட்டறது? பயிற்சிச் சான்றிதழையா?

'2005 வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துல மகளுக்கும் சம பங்கு வந்தாச்சே, கேட்டு வாங்கத் தெரியல, அதுக்குத்தான் பயிற்சி'ன்னாங்க. தெரியாமலாங்க இருக்கோம்? 'எனக்குப் பங்கு வேண்டாம்'னு எழுதற விடுதலைப் பத்திரத்தை அண்ணன் நீட்டறான். கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு நம்ம புள்ளை காதுகுத்துக்கு மாமன் சீர் யார் கொண்டு வருவா? தீபாவளிக்குப் பொறந்த வீட்டு வாசல் திறக்குமா? எல்லாம் தெரிஞ்சேதான் கையெழுத்துப் போடறோம். (அண்ணன்மார்கள் சிரிக்கறீங்க, சந்தோசம்.) இதுக்கு எந்தப் பயிற்சி மையத்துல வகுப்பு எடுப்பீங்க?

இன்னொண்ணு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2011-ல சொன்னதை எதிரணி மேற்கோள் காட்டினாங்க: பெண்கள் பண்ணையில விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் கூடும்னு. பாதி வாக்கியத்துல நிறுத்திட்டாங்க. ஆம்பளைக்குக் கிடைக்கற அதே வளங்கள் பெண்ணுக்கும் கிடைச்சா கூடும்ங்கறதுதான் அதுல இருக்கறது. வளம்னா முதல்ல நிலம்தானுங்க?

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல, 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பெண் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் குறைவு. ஒரு சதவீதம்தான், ஆனா அது சரியான கதவைத் தட்டுது. நம்ம பக்கம் நான் கேக்கறது ரெண்டுதான்: வாரிசு மாத்தும்போது மனைவி பேரும் சேர்ந்து வரட்டும், சங்கக் கிருஷிக்காரிக்கு, நிலம் யாருதா இருந்தாலும் 'இந்தப் பயிர் இவ வெச்சது'ன்னு ஒரு சீட்டு கொடுங்க. அதுக்கப்புறம் எத்தனை வகுப்பு வேணும்னாலும் நடத்துங்க, முதல் பெஞ்சுல நானே வந்து உட்கார்றேன்.

மணி அடிச்சிட்டாங்க. கடைசியா ஒண்ணு. 'பத்திரத்தை நட்டு வெச்சா நெல்லு முளைக்குமா'ன்னு எதிரணி அண்ணன் கேட்டார், கைதட்டலும் வாங்கினார். முளைக்காதுங்கண்ணா. அதான் ஒண்ணும் முளைக்காத காகிதமாச்சே, திங்கக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் திறந்ததும் உங்க பேர்ல இருக்கறதை அண்ணி பேருக்கு மாத்திக் கொடுத்துட்டு, அன்னிக்கு ராத்திரி தூக்கம் வந்துதான்னு வந்து சொல்லுங்க. நடுவர் ஐயா, அண்ணன் என்ன பதில் சொல்றார்னு கேட்டுட்டே தீர்ப்புச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.