வன்குற்றவாளியும் விசாரணை அறையும்

(தருமபுரியில் காவல்துறையினரும் சட்டக் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கொலை நடந்த இடத்தை உளவியலாளர் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். "செய்தவனுக்கு முப்பது வயது இருக்கும், தனியாக வாழ்பவன், தாயிடம் அடி வாங்கி வளர்ந்தவன்" என்பார். மறுநாளே ஆள் பிடிபடுவான். குற்ற உளவியல் என்ற என் துறையைப் பற்றி மக்கள் மனத்தில் பதிந்துள்ள சித்திரம் இது. காவல் நிலையத்திலிருந்து என்னை அழைப்பவர்களில் பலருக்கும் இந்த எதிர்பார்ப்பு உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்னால் அது முடியாது. முடியும் என்று எவராவது உறுதி கூறினால் அவரிடம் உங்கள் வழக்கைக் கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு வேலை பெரும்பாலும் ஆள் கிடைத்த பிறகுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் மனநோயாளியா? இவரிடம் எப்படிப் பேசினால் உண்மை வரும்? இவர் மறுபடியும் செய்வாரா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடுவதில் நாங்கள் உங்களுக்கு உண்மையாகவே உதவ முடியும்.

சைக்கோபதி என்ற நிலையை 1941-இல் முதன்முதலாக விரிவாக விவரித்தவர் ஹார்வி கிளெக்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர். சைக்கோபாத் எனப்படும் இவர்களிடம் பிதற்றல் இல்லை, காதில் குரல் கேட்பதில்லை, பேச்சில் தெளிவு இருக்கிறது, பழக இனிமையாகவும் இருக்கிறார்கள். ஆனால் குற்ற உணர்வோ வெட்கமோ பாசமோ வேரூன்றுவதே இல்லை என்று அவர் எழுதினார். பிறகு கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் இதை அளக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். மொத்தம் 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண், உச்சம் 40. வட அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால் சைக்கோபாத் என்று கொள்வது வழக்கம். நேர்காணல் மட்டும் போதாது, பழைய கோப்புகளையும் படிக்க வேண்டும். ஏனென்றால் நேரில் பொய் சொல்வது இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பயிற்சி பெறாதவர் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மைத்துனரையும் மேலதிகாரியையும் மதிப்பிடக் கூடாது.

ஹேர் 1960-களில் சிறைவாசிகளிடம் செய்த ஒரு சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கைதியின் கையில் மின்வாய்களைப் பொருத்தி, வியர்வையால் தோலில் ஏற்படும் மாற்றத்தைப் பதிவு செய்வார்கள். அவர் முன் எண்கள் ஒவ்வொன்றாக வரும். குறிப்பிட்ட ஓர் எண் வந்ததும் மின்னதிர்ச்சி கிடைக்கும்; இது அவருக்கும் தெரியும். சாதாரணக் கைதிகளுக்கு அந்த எண் நெருங்க நெருங்கக் கை வியர்த்தது. சைக்கோபாத் கைதிகளுக்கோ அந்த மாற்றம் மிகக் குறைவாகவே இருந்தது. வரப்போகும் வலியின் நிழல் அவர்கள் மீது விழவில்லை.

காவல்துறை நண்பர்களே, இதை உங்கள் அறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். லத்தியைக் காட்டுகிறீர்கள், மேசையில் ஓங்கித் தட்டுகிறீர்கள். யார் நடுங்குவார்? வரப்போவதை எண்ணி அஞ்சும் மனம் உடையவர் நடுங்குவார். அவர் ஒன்றுமே செய்யாத கூலித் தொழிலாளியாக இருக்கலாம். "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டும் விடுவார். நீங்கள் தேடும் ஆள் கல்லுப் பிள்ளையார் போல அசையாமல் உட்கார்ந்திருப்பார். மிரட்டல் மனிதாபிமானமற்றது என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். மிக ஆபத்தான ஆளிடம்தான் அது மிகக் குறைவாக வேலை செய்யும் என்பதை உளவியல் கூடுதலாகச் சொல்கிறது.

காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சட்டமும் ஏற்பதில்லை. முன்பு சாட்சியச் சட்டத்தின் 25 முதல் 27 வரையிலான பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்த அளவுக்கு மட்டுமே அது செல்லும். மருந்து செலுத்திப் பேச வைக்கும் நார்கோ சோதனை, பொய் கண்டறியும் பாலிகிராஃப், மூளை வரைபடம் ஆகியவற்றை ஒருவர் மீது திணிக்கக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மீதி இருப்பது பேச்சுதான். அதனால் பேசும் கலையைக் கற்றுத்தான் ஆக வேண்டும்.

சைக்கோபாத்திடம் "உன் தாயின் முகத்தை நினைத்துப் பார்" என்று சொல்வதில் பயனில்லை. இறந்தவரின் புகைப்படத்தை முன்னே வைத்தாலும் அப்படியே. அவரைத் தன்னைப் பற்றிப் பேச விடுங்கள். தன் திறமையைப் பற்றி, தன் செல்வாக்கைப் பற்றி, மற்றவர்களின் முட்டாள்தனத்தைப் பற்றி. குறுக்கே விழாதீர்கள், வியப்பும் காட்டாதீர்கள். அவர் சொல்வதை நேரம், இடம், பயண வழி என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடிக் கேமரா பதிவு உங்கள் கையில் இருந்தால் அதை முதல் மணி நேரத்திலேயே மேசையில் போட்டுவிடாதீர்கள். அவர் கதை முழுதும் கட்டி முடியட்டும். அதன்பிறகு ஒவ்வொரு தடயமாக எடுத்து, "இது எப்படி?" என்று மட்டும் கேளுங்கள். கேள்வி கேட்பவரின் பொறுமையும் முன்தயாரிப்புமே இதில் பாதி வேலை. இங்கிலாந்தில் அப்பாவிகள் பலர் பொய் வாக்குமூலங்களால் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தது வெளியான பிறகு, 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டுக் காவல்துறை இந்த வகை விசாரணைக்கு மாறியது.

இன்னொரு தடயம் குற்றத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. 2002-இல் கனடாவில் வுட்வொர்த், போர்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள், சிறையில் இருந்த 125 கொலைக் குற்றவாளிகளின் கோப்புகளை ஆராய்ந்தார்கள். சைக்கோபாத்கள் செய்த கொலைகளில் 93 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஓர் ஆதாயத்தைக் குறிவைத்து நிதானமாகச் செய்யப்பட்டவை. மற்றவர்களிடம் அது 48 சதவீதம் மட்டுமே. மற்றவர்களின் கொலைகளில் பாதிக்கு மேல் ஆத்திரத்திலும் அச்சத்திலும் நடந்தவை.

அந்த ஆத்திரக் கொலைகளைத்தான் நம் மாவட்டங்களில் நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஒரு நிலையத்தின் கொலை வழக்குகளைப் புரட்டினால் வரப்புத் தகராறு, குடிபோதை, சந்தேகம், பங்காளிச் சண்டை என்றுதான் வரும். அவர்களைச் சைக்கோபாத் பட்டியலில் சேர்ப்பது அறிவீனம். பெண் சிசுக்கொலைக்காக ஒரு காலத்தில் நம் பகுதியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. சிசுவைக் கொன்ற அந்தத் தாய்மார்களின் செயலை வறுமையும் வரதட்சணையும் குடும்பத்தின் நெருக்கடியும் இல்லாமல் எந்த உளவியலாளராலும் விளக்க முடியாது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இந்த மண்ணில் வன்செயலைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கத்து வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்து மக்களை அடித்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அந்த 269 பேரும் சைக்கோபாத்களா? பொது மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இந்த நிலை இருக்கிறது என்பது பரவலான மதிப்பீடு. கேட்பார் இல்லை என்ற துணிச்சலும், எதிரே இருப்பவர்கள் மலைவாழ் மக்கள்தானே என்ற இளக்காரமும், கூட்டமும் சேர்ந்தால் வீட்டில் நல்ல தகப்பனாக இருப்பவரும் அதைச் செய்வார். என் துறை இதையும் ஆராய வேண்டும். தனி மனிதனின் மண்டைக்குள் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் பெரிய வன்செயல்களை நாம் தவறவிடுவோம்.

மனநோய் பற்றிய குழப்பமும் தீர வேண்டும். மனச்சிதைவு நோயில் ஒருவர் தான் செய்வது இன்னது என்றே அறியாமல் செய்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. சைக்கோபாத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. அவருக்குத் தான் செய்வது தெரியும், தவறு என்பதும் தெரியும். நம் ஊர்களில் மனநோயாளிகள் அடிப்பதைவிட அடிபடுவதுதான் அதிகம். சந்தேகம் இருந்தால் கைதான உடனேயே அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து அனுப்பினால், குற்றம் நடந்த நாளில் அவர் மனம் எப்படி இருந்தது என்பதை யாராலும் சரியாகச் சொல்ல இயலாது.

உளவியலாளரின் ஊகம் சாட்சியம் ஆனால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டன் உதாரணம் இருக்கிறது. 1992-இல் விம்பிள்டன் பொதுவெளியில் ஓர் இளந்தாய் தன் சிறு மகனின் கண்ணெதிரே கொல்லப்பட்டார். உளவியலாளர் ஒருவர் கொலையாளியின் குணச்சித்திரத்தை வரைந்தார். கோலின் ஸ்டாக் என்பவர் அதற்குப் பொருந்துவதாகக் காவல்துறை கருதியது. பெண் காவலர் ஒருவரைக் காதலியாக நடிக்க வைத்து மாதக்கணக்கில் கடிதம் எழுதச் செய்தார்கள். கொலை செய்ததாக ஸ்டாக் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சிறைக்குப் போனார். 1994-இல் நீதிபதி அந்தச் சாட்சியங்களைத் தூக்கி எறிந்தார். உண்மையான கொலையாளி ராபர்ட் நேப்பர் என்பது டி.என்.ஏ. வழியே தெரிந்து, 2008-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காவல்துறை ஸ்டாக்கைப் பற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1993 நவம்பரில், நேப்பர் இன்னொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றிருந்தார். இந்த வரியை என் மாணவர்கள் அனைவரையும் மனப்பாடம் செய்யச் சொல்வேன்.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. கொடுங்குற்றத்தில் சிக்கிய 16 முதல் 18 வயது வரையிலான சிறார்களுக்கு, 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, அவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்ற முதற்கட்ட மதிப்பீடு நடக்கிறது. அதைச் செய்யும் இளைஞர் நீதிக்குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநலமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணரின் உதவியைப் பெற்றே தீர வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த அறிக்கையில் சிறுவனைச் சைக்கோபாத் என்று எழுதியிருந்தால் எதிர்த்து வாதாடுங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஆயுள் முத்திரை குத்த எவருக்கும் உரிமை கிடையாது.

கடைசியாக, நம் நெடுஞ்சாலை. ஓசூரில் நுழைந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாகச் சேலம் போகும் சாலையில் இரவெல்லாம் லாரி ஓடுகிறது. குற்றம் செய்தவர் விடிவதற்குள் மூன்று மாவட்டங்களைக் கடந்துவிடுவார். வழக்கோ ஒரு நிலையத்தின் எல்லைக்குள்ளேயே கிடக்கும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2009-இல் நெடுஞ்சாலைத் தொடர்கொலைகளுக்கென்றே தனித் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டில்தான் இங்கே நெடுஞ்சாலையோரப் பெண்களைக் கொன்ற லாரி ஓட்டுநர் ஜெய்சங்கர் கைதானார். குற்றவாளியின் நடத்தையை வைத்து வெவ்வேறு நிலையங்களின் வழக்குகளை ஒன்றாக இணைப்பதில் உளவியலாளரின் பங்கு பெரிது. அதற்கு, பெண்ணை எப்படி அணுகினார், என்ன சொன்னார், எதை எடுத்துச் சென்றார் என்ற விவரங்களை எஃப்.ஐ.ஆர். எழுதுபவர் ஒரு வரியாவது விரிவாகப் பதிய வேண்டும்.

ஜெய்சங்கரை நான் சோதித்ததில்லை. அதனால் அவருடைய மனநிலைக்குப் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் நடந்தது நமக்குத் தெரியும். 2011 மார்ச்சில் தருமபுரி நீதிமன்றத்தில் ஆஜராகித் திரும்பும் வழியில் அவர் தப்பினார். வழிக்காவலுக்குச் சென்ற காவலர்களில் ஒருவர் அந்த வேதனையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மே மாதம் கர்நாடகத்தில் மறுபடி பிடிபடுவதற்குள் மேலும் உயிர்கள் போயின. 2013-இல் பெங்களூரு சிறையிலிருந்தும் தப்பிச் சில நாட்களில் சிக்கினார்.

இத்தகைய கைதியை அனுப்பும்போது வாரண்டோடு ஒரு பக்கத் தாள் சேர்ந்து போக வேண்டும் என்று கேட்கிறேன். உளவியலாளர் எழுதும் தாள். இவர் எப்படிப் பேச்சுக் கொடுப்பார், யாரிடம் இரக்கம் தேடுவார், உடல்நலக் குறைவு என்று சொன்னால் என்ன செய்வது, இரவில் அழைத்துச் செல்லலாமா, எத்தனை பேர் உடன் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் தமிழில், எளிய வாக்கியங்களில் இருக்க வேண்டும். அது கண்காணிப்பாளர் அலுவலகக் கோப்பில் படுத்துவிடக் கூடாது. கைவிலங்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்காரப்போகும் காவலர், புறப்படுவதற்கு முன் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.