சூரியன் போவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். அண்டார்டிகாவில் ஒரு வருடம் இருந்தேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "பென்குயினைப் பார்த்தீர்களா?" என்றுதான். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நான் இருந்த மைத்ரி என்ற இந்திய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, கடல்மேல் மிதக்கும் பனித்தட்டின் விளிம்புக்குச் சுமார் 100 கிலோமீட்டர். வழி தப்பி ஒன்றிரண்டு வந்தால் உண்டு. மற்றபடி எங்களுக்குத் துணை ஜெனரேட்டர் சத்தம்தான். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

நம் நாட்டின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனித்தட்டின் மேல் கட்டப்பட்டது. வருடா வருடம் பனி ஏறி ஏறி அதை மூடிவிட்டது. அதனால் மைத்ரியை 1989இல் ஷிர்மாக்கர் என்ற பாறைத்திட்டில் கட்டினார்கள். மார்ச் வாக்கில் கப்பலும் கோடைக்கால ஆட்களும் கிளம்பிவிட்டால் நிலையத்தில் இருபத்தைந்து பேர் அளவில்தான் மிஞ்சுவோம். நவம்பர் வாக்கில் விமானம் வரும்வரை வேறு யாரும் வர முடியாது.

கப்பல் போன புதிதில் இருட்டு இன்னும் வந்திருக்காது. ஆனால் வருவது கண்ணுக்குத் தெரியும். ஏப்ரல் முதல் தேதி பகல் பத்து மணி நேரத்துக்கு மேல் இருக்கும். மே முதல் தேதி ஆறு மணி நேரம்கூடத் தேறாது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் குறைகிறது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட வேலைக்கு நாளை பத்து நிமிடம் குறைவு. எரிபொருள் பீப்பாய்களை எண்ணி அடுக்குவது, கயிறு கட்டுவது எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் முடிய வேண்டும். கயிறு எதற்கு என்றால், பனிப்புயலில் முன்னால் நீட்டிய நம் கையே நமக்குத் தெரியாது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

தண்ணீர் பிரியதர்சினி ஏரியிலிருந்து வருகிறது. மேலே உறைந்திருந்தாலும் அடியில் தண்ணீர் இருக்கும். குழாயைச் சூடேற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரலில் ஒரு நாள் ஒரு இணைப்பு அடைத்துக்கொண்டது. நட்டு சின்னது, தடித்த கையுறையோடு பிடிபடவில்லை. மெல்லிய உள்ளுறையோடு அரை நிமிடம் திருகுவது, கையை அக்குளில் வைத்துக்கொள்வது, மறுபடி திருகுவது. வெறுங்கையால் தொட்டிருந்தால் தோல் இரும்போடு ஒட்டியிருக்கும். ஊரில் ஐந்து நிமிட வேலை. அன்றைக்குச் சூரியன் இறங்கிவிட்டது.

அந்தச் சூரியனும் நமக்குப் பழக்கமானது இல்லை. நடுப்பகலில் வடக்கே நிற்கும், வலமிருந்து இடமாக நகரும். எனக்குத் திசை குழம்பியதே தவிர, கடைசிவரை பழகவில்லை.

உள்ளே என் கவலை வேறு: தயிர். ஜெனரேட்டர் அறைச் சுவரோரம் ஒரு கதகதப்பான மூலை உண்டு. பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சி, உறை ஊற்றி அங்கே வைத்துவிடுவேன். தினமும் ஒரு கரண்டியை மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டும். அதையும் யாராவது சாப்பிட்டுவிட்டால் அடுத்த கோடைவரை தயிர் கிடையாது. வெளியே எல்லாம் தானாக உறைகிறது, உள்ளே ஒரு கரண்டி உறைக்கு நான் காவல்! எங்கள் சமையல்காரர் உத்தரகாண்ட் பக்கம். என்னிடம் 'தம்பி' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு எல்லாரையும், வயதில் மூத்த குழுத்தலைவரைக்கூட, அப்படியே கூப்பிடுவார். கரண்டியைத் தொட்டால் மட்டும் அவருக்கும் எனக்கும் சண்டை.

மே 20ஐ ஒட்டிச் சூரியன் போய்விடும். அப்புறம் சுமார் இரண்டு மாதம் வராது. அதற்காக ஒரேயடியாகக் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். நடுப்பகலில் வடக்கே அடிவானம் கொஞ்ச நேரம் சிவக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா மறையவே மறையாது, சுற்றிச் சுற்றி வரும்.

கடைசிச் சூரியனைப் பார்க்க மேட்டில் ஏறி நின்று படம் எடுப்பதாகத் திட்டம். மூன்று நாள் பனிப்புயல். யாரும் கதவைத் திறக்கவில்லை. நான்காம் நாள் காற்று அடங்கி வெளியே போனபோது வடக்கே சிவப்பு மட்டும் இருந்தது. சமையல்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாய் ஆறிப்போகும், தம்பி" என்றார். உள்ளே வந்தோம். எனக்கு இரவு ஷிஃப்ட். கடிகாரத்தைப் பார்த்துத்தான் அது இரவு என்று தெரிந்துகொண்டேன்.