பொங்கல் மேடையில் பானைக்கு எதிராக

நடுவர் அவர்களே, தீர்ப்பு கைக்கு வந்துவிட்டதுபோல் சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணிப் பெரியோர்களே, என் அணித் தோழர்களே, முன்வரிசையில் கரும்பு கடித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் பொங்கல் வணக்கம்.

விழாக் குழுவினருக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. பத்தடி தள்ளிக் கோலம் போட்டு, மஞ்சள் கொத்துக் கட்டிப் பானை வைத்திருக்கிறார்கள். அந்தப் பானைக்கு எதிராகப் பேச என்னை நிறுத்திவிட்டார்கள். தலைப்பு, 'குட்டிப் பருவம் தாண்டிய நாய்க்கு ஏற்றது பை உணவா, பானை உணவா?' பை என்றால் கடையில் பையில் வரும் தீவனம், பானை என்றால் நம் வீட்டுச் சமையல். எனக்கு விழுந்தது பை. என் மனைவியே எதிரணிக்குத்தான் கைதட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருக்கிறது. வயது 13 மாதம், எடை 20 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. தாய்வழியில் இராஜபாளையம் என்று கொடுத்தவர் சொன்னார். விறைத்து நிற்கும் காதைப் பார்த்தால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. போன மாதம் அவனுடைய குட்டித் தீவனப் பை தீர்ந்தது. அன்று காலை வீட்டில் ஒரு குரல் எழுந்தது: "இனி எதற்கு இன்னொரு பை? வளர்ந்துவிட்டான், நம்மோடு சாப்பிடட்டும்."

நடுவர் அவர்களே, இந்தக் குடியிருப்பில் நாய் வளர்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் குரல் எழுந்திருக்கும். குட்டியாக இருக்கும்வரை பையைப் புரட்டி, எத்தனை மாதத்துக்கு எத்தனை கிராம் என்று கண்ணாடி போட்டுப் படிக்கிறோம். நாய் வளர்ந்த அன்றே கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுகிறோம். என் வழக்கு அந்த ஒரு நாளைப் பற்றியது.

முதலில் எதிரணித் தலைவர், நம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா சொன்னதற்கு வருகிறேன். "இராஜபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. அந்த இனம் பை உணவிலா வளர்ந்தது? கேப்பைக்கூழிலும் மோரிலும் வளர்ந்தது. பை என்பது நேற்று வந்த மோகம்" என்று முழங்கினார். நீங்களும் கைதட்டினீர்கள்.

தபால்தலை உண்மைதான். ஆனால் ஐயா, மோகம் நேற்று வந்ததல்ல. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் 1860களிலேயே லண்டனில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கிவிட்டார். அது போகட்டும். கூழ் குடித்த அந்த நாய் கூழோடு நின்றதா? காட்டில் முயலைப் பிடித்தது, எலியைப் பிடித்தது, எலும்போடும் ஈரலோடும் தின்றது. எஜமானர் ஊற்றிய கூழ் அதற்குப் பாதிச் சாப்பாடு. மீதியை அதுவே தேடிக்கொண்டது. நம் மணி இரண்டாவது மாடியில் இருக்கிறான். அவன் பிடிக்கக் கூடியது பல்லி ஒன்றுதான், அதுவும் வாலை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. நாம் தட்டில் வைப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியே இல்லை. அப்படியானால் அந்தத் தட்டில் எல்லாமே இருக்க வேண்டாமா?

எல்லாம் இருக்கிறதா என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியாரின் மகன், வேறென்ன செய்வேன்? மணிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1060 கலோரி போதும். எங்கள் வீட்டுப் பானையிலிருந்து அவனுக்கு அரைக் கிலோ சோறு, வேகவைத்த கோழிக்கறி 200 கிராம், தயிர் 100 கிராம் வைத்தால் கலோரி ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. வயிறு நிறைகிறது, தட்டைப் பளபளவென்று நக்கிவைக்கிறான். பானை ஜெயித்துவிட்டது என்றுதானே தோன்றும்?

இப்போது சுண்ணாம்புச் சத்தைப் பாருங்கள். சோற்றில் 50 மில்லிகிராம் தேறும். கறியில் 30. தயிரில் 120. எல்லாம் சேர்த்தால் சுமார் 200. அவனுக்கு வேண்டியது சுமார் 1300. ஆறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பாஸ்பரஸோ கறி, சோறு, தயிர் மூன்றிலிருந்தும் 700 மில்லிகிராமுக்கு மேல் வந்து குவிகிறது. சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரண்டு மடங்குவரையோ இருக்க வேண்டும். நம் தட்டில் கணக்கு தலைகீழாக நிற்கிறது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கூரை ஓலையை உருவி அடுப்பெரிப்பது போன்றது அது. சோறு வெந்துவிடும், மழைக்காலம் வரும்போதுதான் தெரியும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் செவலை என்றொரு குட்டி இருந்தது. என் அம்மா அதற்குக் கறிச்சாறு ஊற்றிச் சோறு பிசைந்து, ஆறவைத்து, விரலால் சூடு பார்த்து வைப்பார். "வாயில்லா ஜீவன்" என்பார். ஐந்தாம் மாதத்தில் அதன் முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளைந்தன. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு தெரிந்தது, ஆனால் பென்சிலால் வரைந்து பாதி அழித்ததுபோலத் தெரிந்தது. "என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். "நல்லதாகத்தான் கொடுக்கிறோம், தினமும் கறி" என்றார் அம்மா பெருமையாக. மருத்துவர் ஒன்றும் பேசாமல் மருந்துச் சீட்டை எழுதினார். செவலை பிழைத்தது. கோணல் நடை மட்டும் கடைசிவரை போகவில்லை. அம்மாவின் அன்பில் எந்தக் குறையும் இல்லை நடுவர் அவர்களே, தட்டில்தான் குறை.

"அது குட்டி, நாம் பேசுவது வளர்ந்த நாய்" என்று எதிரணி எழுந்திருக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். குட்டி ஐந்து மாதத்தில் காலை வளைத்துக் காட்டிவிடும். வளர்ந்த நாய் அவ்வளவு சீக்கிரம் காட்டிக் கொடுக்காது. முடி மங்கும், தோல் வறளும், நாமும் வெயில் என்போம், வயது என்போம். வருடக்கணக்கில் ஓடிவிடும். எனக்கு அதுதான் கூடுதல் பயம்.

வெயில் என்றதும் நினைவு வருகிறது. காலை வெயிலில் கட்டினால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்றார் ஐயா. நமக்குக் கிடைக்கும். நாயின் தோலால் வெயிலிலிருந்து தேவையான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. அதுவும் தட்டில்தான் வர வேண்டும். சரி, எலும்பு போடுகிறோமே என்றால், வெந்த எலும்பு சிலாம்புகளாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். சாம்பார் சாதம் வைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். இரண்டும் இல்லாத சாம்பார் எந்த வீட்டில் இருக்கிறது என்று நடுவரே சொல்லட்டும்.

அடுத்து, மூன்றாம் தெரு அக்கா. உண்மையைச் சொல்கிறேன், அவர் பேச்சுக்குத்தான் எனக்கு வியர்த்தது. "பைக்குள் என்ன போட்டிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? 2007இல் அமெரிக்காவில் மெலமைன் என்ற தொழிற்சாலை இரசாயனம் கலந்த தீவனத்தைத் தின்று நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன" என்றார். நடந்ததுதான். நான் மறுக்க மாட்டேன். புரதத்தின் அளவைப் பரிசோதனையில் கூட்டிக் காட்டுவதற்காகச் செய்த அயோக்கியத்தனம் அது.

ஆனால் அக்கா, அந்தப் பைகளைக் கடைகளிலிருந்து எப்படித் திரும்ப எடுத்தார்கள்? எந்தத் தயாரிப்பு, எந்தத் தேதி என்று பையில் அச்சடித்திருந்தது. பானையில் தவறு நடந்தால் யார் திரும்ப எடுப்பது? என் அம்மாவின் பானையில் எந்த எண்ணும் இல்லை. ஐந்து மாதம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வீட்டில் சமைக்கும் நாய் உணவுக்கான 200 செய்முறைகளை எடுத்துச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 95 விழுக்காட்டில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்திருந்தது. அவற்றில் பல, புத்தகங்களில் அச்சாகி வந்தவை. நம் வீட்டுப் பானையோ எந்தப் புத்தகத்திலும் ஏறாதது.

அக்கா வீட்டில் முட்டையோட்டைக் காயவைத்துப் பொடித்துச் சேர்ப்பதாகச் சொன்னார். ஒரு முட்டையோட்டில் 2 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு, மகிழ்ச்சி. அதைத் தராசில் நிறுத்து, ஈரலை எடை போட்டு, துத்தநாகத்துக்கும் அயோடினுக்கும் வழிசெய்து, மருத்துவரிடம் காட்டிச் சமைத்தால் நான் அக்காவின் காலைத் தொட்டு வணங்குகிறேன். ஆனால் அந்தப் பானை அப்போதே எங்கள் அணிக்கு வந்துவிட்டது!

விலை அதிகம் என்றார்கள். தினம் 200 கிராம் கோழி என்ன விலை என்று கறிக்கடையில் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

எந்தப் பை என்ற கேள்வியில்தான் நம் வீடுகளில் கோட்டை விடுகிறோம். முன்பக்கம் ஓநாய் படம், பனிமலை, பச்சைப் பட்டாணி. அதை நம்பாதீர்கள். எங்கள் கட்சி முழுக்கப் பையின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. முழுமையான சமச்சீர் உணவு என்று போட்டிருக்கிறதா, யாருக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'அடல்ட் மெயின்டெனன்ஸ்' என்றால் வளர்ந்த நாய்க்கு. அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த அளவுப்படி, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 விழுக்காடு புரதமும் 8.5 விழுக்காடு கொழுப்பும் வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18ம் 5.5ம் போதும். இவை குறைந்தபட்சம்தான், கூட இருந்தால் குற்றமில்லை. தானியமே இல்லாதது உயர்ந்தது என்று கடைக்காரர் தனி விலை சொன்னால் நின்று யோசியுங்கள். அப்படிப்பட்ட தீவனங்களுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணையே தொடங்கியது. நாய்க்கு அரிசி செரிக்கும். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் பல மடங்கு அதிகம் என்று 2013இல் கண்டறிந்துவிட்டார்கள். சோற்றோடு எனக்குச் சண்டையே இல்லை.

இன்னொன்று. மூட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கவரில் கிலோக் கணக்கில் அள்ளித் தரும் கடைகள் இருக்கின்றன. அங்கே வாங்கினால் பின்பக்கமே கிடையாது, தேதியும் கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். அப்படி வாங்குவதற்கு அக்காவின் பானையே மேல். என் அணித் தலைவர் முறைக்கிறார், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

எப்போது மாற்றுவது? சின்ன இனம் 9 முதல் 12 மாதத்தில் வளர்ந்து முடித்துவிடும், பெரிய இனத்துக்கு 18 மாதம்கூட ஆகலாம். மணிக்கு 13 மாதம் சரியென்றார் மருத்துவர். மாற்றிய விதத்தில்தான் நான் தவறினேன். பழைய பை சுத்தமாகத் தீர்ந்த பிறகு புதுப் பையை முழுதாகக் கொட்டினேன். அன்றிரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அவன் கதவைச் சுரண்டினான். ஐந்து மணிக்குச் சுரண்டவில்லை, கூடத்திலேயே முடித்துவிட்டான். என் மனைவி ஏன் எதிரணிக்குக் கைதட்டுகிறார் என்று இப்போது புரிந்திருக்கும். பழையது கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே தொடங்கி, முதலில் காற்பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக அளவு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நாம். வளரும்போது மணிக்கு இதே எடைக்கு 1320 கலோரி தேவைப்பட்டிருக்கும். இப்போது 1060. ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, நான்கைந்து இட்லி அளவு. கிலோவுக்கு 3500 கலோரி உள்ள தீவனம் என்றால் ஒரு நாளைக்கு 300 கிராம், இரண்டு வேளையாக. பையில் எழுதியிருப்பதால் இதை வகுக்க முடிகிறது. இன்று குழைந்து நாளை விறைக்கும் சோற்றில் எதை வகுப்பது? அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. கூடப் பிறந்த ஜோடிக்கு வைத்ததைவிடக் காற்பங்கு குறைவாகத் தின்ற நாய்கள், நடுமதிப்பில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. அளந்து போட்டுவிட்டு விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படித் தட்டுப்பட்டால் சரி. மூடிய கைமுட்டியைத் தடவுவதுபோல் துருத்தினால் கொஞ்சம் கூட்டுங்கள். உள்ளங்கைபோல் மெத்தென்றிருந்தால் குறையுங்கள்.

நடுவர் மணியடித்துவிட்டார். எங்கள் வீட்டில் மணியை இதுவரை யாரும் அடித்ததில்லை, கூடத்தில் அசிங்கம் செய்த அன்றுகூட. அந்தத் தப்பு அவனுடையதல்ல, பையைத் திருப்பிப் படிக்காத என்னுடையது. பத்து நாளில் மெல்ல மாற்றச் சொல்லி அதன் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.